வளைவுக்கு அப்பால் ஐந்து கதவுகள்

மார்ச் 9, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணி. மாநகராட்சி அலுவலகம், மூன்றாம் மாடி, பதினான்காம் அறை. தெருப்பட்டியல் திருத்தக் கோப்பின் 22ஆம் பக்கத்தில், பதினொரு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய பத்திரிகைக் கட்டுரை ஒட்டப்பட்டிருந்தது. நான்கு மூலைகளிலும் பசை. மேலே சிவப்பு மையில் ஒரு சொல்: ஆதாரம்.

1

இந்தக் கதை அந்த அறையில்தான் பிறந்தது. ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செய்த தவறை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று இடம் தேடி அலைந்தேன். கிடைத்த இடம் இந்தக் கதை.

ஒரு காலத்தில் வார இதழ் ஒன்றில் பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். இந்தப் பெரிய நகரத்தில் யாரும் எட்டிப் பார்க்காத தெருக்களில் வாரம் ஒன்றாக நடப்பது, அதன் பழங்கதையைத் தேடிப்பிடித்து நானூறு சொற்களில் சொல்வது. ஆறு ஆண்டுகள் ஓடியது. சுமார் முந்நூறு தெருக்கள். கோப்பில் இருந்தது அவற்றில் ஒன்று. அதன் கடைசி வரிகள் இவை:

"பெயருக்குத்தான் சந்து. உண்மையில் இது இரண்டு கட்டடங்களின் முதுகுகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட விட்ட இடைவெளி. இதில் கதவுகள் கிடையாது. மனிதர்கள் கிடையாது. இந்நகரத்தின் வரலாற்றில் இதற்கு ஒரு வரியும் கிடையாது."

எழுதிய அன்று அந்த மூன்று 'கிடையாது'வும் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக நல்ல தாளத்தில் விழுந்தன.

அந்தச் சந்தில் ஐந்து கதவுகள் இருக்கின்றன.

2

தொடங்கிப் பார்த்த வேறு தொடக்கங்கள்:

"மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சந்தின் வாயில் குடையுடன் நின்ற அவனுக்கு" (நிறுத்திவிட்டேன். மழையில் கதையைத் தொடங்கும் எழுத்தாளர் பெரும்பாலும் எதையோ மறைக்கிறார்.)

"சந்துகள் ஒரு நகரத்தின் மறதியைச் சுமந்துகொண்டு" (சந்து எதையும் சுமப்பதில்லை. அதன் மேல்தான் எல்லோரும் சுமந்துகொண்டு போகிறார்கள்.)

"அவள் கையில் யாரோ ஒருவருடைய கீழ்வரிசைப் பற்கள் இருந்தன." (இது பரவாயில்லை. ஆனால் யார் அவள், ஏன் பற்கள் என்று நீங்கள் திகைத்து நிற்கும்போது நான் பின்னோக்கி ஓடி விளக்க வேண்டியிருக்கும்.)

இனி வரும் சதுர அடைப்புகளுக்குள் இருப்பது என் எழுத்து அல்ல. அது என் தங்கையுடையது. வீடு வீடாகப் போய் மின் மீட்டர் பார்ப்பது அவள் வேலை. நான் எழுதுவதை முதலில் படிப்பதும் அவள்தான். பென்சிலால் ஓரத்தில் எழுதுவாள். அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

[அழிச்சுப் பாரு. அண்ணே, மழையச் சொல்லிட்ட. ஷூவ எப்போ சொல்லப் போற?]

3

ஷூ.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் அந்த வியாழக்கிழமை, மாலைக்குள் கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும். காலில் புதுத் தோல் ஷூ, வாங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சந்தின் வாயில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். இருபதடி தூரத்துக்கு இரண்டு பக்கமும் வெறும் சுவர். அதற்குப் பிறகு சந்து முழங்கை போல வலப்பக்கம் மடங்கியது. மடங்கிய பின் என்ன இருக்கிறது என்று நான் போய்ப் பார்க்கவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பி, 'கிடையாது' என்று மூன்று முறை எழுதினேன்.*

* அந்த ஷூவின் அடிப்பாகம் மூன்றாம் மாதமே வாயைப் பிளந்துகொண்டது. கதைக்குத் தேவையில்லாத தகவல். ஆனாலும் இருக்கட்டும்.

இந்த மார்ச் முதல் வாரத்தில் தங்கை தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணே, வேலையா இருக்கியா?"

"இல்ல, சொல்லு."

"உனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது?"

"என்ன விஷயம்?"

"மாசாமாசம் நான் அஞ்சு மீட்டர் பாக்குற சந்துல கதவே கிடையாதுன்னு எழுதியிருக்கியாமே. அப்போ நான் என்ன, சுவத்துக்குள்ள பூந்தா போய்ட்டு வரேன்?"

விஷயம் இதுதான். மாநகராட்சி தன் தெருப்பட்டியலைத் திருத்துகிறது. திருத்தத்தில் அந்தச் சந்து 'மழைநீர்ப் பாதை' என்று சேர்ந்திருக்கிறது. மழைநீர்ப் பாதையை நோக்கிக் கதவு வைக்கக் கூடாது. இருந்தால் அறுபது நாளில் சுவர் வைத்து அடைக்க வேண்டும். ஆட்சேபணை இருந்தால் மார்ச் 24 அன்று நேரில் வந்து சொல்லலாம். ஐந்து கதவுகளில் மூன்று, முன்தெருக் கடைகளின் பின்கதவுகள். அடைத்தால் அவர்களுக்கு அசௌகரியம், அவ்வளவுதான். நான்காவது நெடுநாளாகப் பூட்டிக் கிடப்பது. மூன்றாம் எண் கதவு மட்டும் வேறு மாதிரி. அந்த அறைக்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை. மற்ற மூன்று பக்கமும் பிறருடைய சுவர்கள்.

அந்த அறையில் பல்செட் செய்யும் பெண்மணி ஒருவர் வேலை செய்கிறார். சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் பல்லக்கா. நோட்டீஸ் வந்ததும் அலுவலகம் போய்க் கோப்பைக் காட்டச் சொல்லிக் கேட்டு, 22ஆம் பக்கத்தில் என் பெயரைப் படித்திருக்கிறார். மீட்டர் பார்க்க வந்த என் தங்கையிடம் அதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார்.

[நான் பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கலாம். "அது எங்கண்ணன்தான்க்கா"ன்னு வாய் தானா சொல்லிருச்சு.]

4

கோப்பை என் கண்ணாலேயே பார்த்த மறுநாள், பதினொரு ஆண்டு தாமதமாக, அந்த வளைவைத் தாண்டினேன்.

தாண்டியதும் சந்து சற்று அகலமாகிறது. வெயில் மேலேயிருந்து ஒரு பட்டையாக விழுகிறது. ஒரு கதவின் பக்கத்தில் கருங்கல் தொட்டி ஒன்று, அதன் விளிம்பு ஏதோ நாக்குகள் நூறு வருடம் தேய்த்ததுபோல் வழவழவென்று. எந்த விலங்கு இங்கே தண்ணீர் குடித்தது, யாருடைய வண்டி நின்றது, தெரியாது. இப்போது அதில் பிளாஸ்டர் வாளிகள் ஊறுகின்றன.

"நீங்கதானா அது?"

நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்கை வரை வெள்ளைத் தூள். மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது.

"நான்தாங்க."

"உள்ள வாங்க. கதவு வழியாவே வாங்க."

அறை பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும். அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள், ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் பெயரும் தேதியும். மெழுகில் பதித்த பற்கள் கீல் வைத்த சட்டத்தில் வாயைத் திறந்து காத்திருந்தன. வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டேன். பத்திரிகைக்காரனின் பழக்கம், மன்னிப்புக் கேட்கத் தெரியாதபோது கேள்வி கேட்பது.

பல் டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு மாவைப் பதித்து எடுக்கிறார். அதை ஈரத்துணியில் சுற்றி இங்கே அனுப்புகிறார். அது ஒரு மணி நேரத்துக்குள் வந்து பிளாஸ்டர் ஊற்றப்பட வேண்டும். தாமதமானால் மாவு காய்ந்து சுருங்கும். தலைமுடி அகலம் சுருங்கினாலும் போதும், பல்செட் வாயில் ஆடும்.

"எனக்கு வேலை அனுப்புற கிளினிக் பதினாலும் நடந்து போற தூரம். அதனாலதான் இந்த அறை. நீங்க வேணா வேற இடம் பாருங்கன்னு சுலபமாச் சொல்லிருவீங்க. வாடகை குறைவா இருக்குற இடத்துக்குப் போனா, அச்சு வந்து சேர்றதுக்குள்ள அது வேற யாரோட வாய் மாதிரியோ ஆயிரும்."

"கோபமா இருக்கீங்களா?"

"காலைல இருந்துச்சு. இப்போ கைல பிளாஸ்டர் இருக்கு. பத்து நிமிஷத்துல கெட்டியாயிரும். கோபப்படுறதுன்னா மூணு மணிக்கு மேல வாங்க."

மூன்று மணி வரை இருந்தேன். அவர் கோபப்படவில்லை, ஒரு கிண்ணத்தையும் துணியையும் என் கையில் கொடுத்துக் கழுவச் சொன்னார்.

5

எளிதான வழி ஒன்று இருப்பதாக நினைத்தேன். எழுதியவன் நான், தவறு என்று நானே போய்ச் சொன்னால் முடிந்தது. தெருப்பட்டியல் அதிகாரி அமைதியான பெண். நான் சொல்வதைக் கடைசி வரை கேட்டார்.

"அச்சுல வந்தது ஆவணம் சார். நீங்க இப்போ சொல்றது வாய்வார்த்தை."

"ரெண்டையும் சொன்னது நான்தானே?"

"ஆமா. ஒண்ணு அச்சுல இருக்கு."

"அப்போ மறுப்பு ஒண்ணு அச்சுல வந்தா?"

"அந்தப் பத்திரிகைலயே வரணும்."

"அது நின்னு ஏழு வருஷம் ஆச்சு."

"அச்சச்சோ," என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "நல்ல பத்திரிகை சார். எங்க அப்பா வாங்குவாரு."

"என் கட்டுரையையாவது கோப்புலேர்ந்து எடுத்துட முடியுமா?"

"ஃபைல்லேர்ந்து எதையும் எடுக்க முடியாது. சேக்கத்தான் முடியும். நீங்க எழுதினதுக்கு முந்தின தேதில ஒரு ஆவணம் கொண்டு வாங்க. சந்தோட பேரும் கதவு எண்ணும் அச்சுல இருக்கணும். பழசா இருந்தா ரொம்ப நல்லது."

மின்கட்டண ரசீதைக் காட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். காட்டினோம். அதில் முன்தெருக் கட்டடத்தின் எண்ணைப் போட்டு 'பின்புறம்' என்றிருந்தது. வாடகை ஒப்பந்தத்திலும் அதே 'பின்புறம்'. நகரம் அந்தச் சந்தைப் பெயர் சொல்லி அழைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தது.

6

(இங்கே வரலாறு வர வேண்டும். வருகிறது.)

ஆவணக் காப்பகத்தில் நான்கு நாள் உட்கார்ந்தேன். அந்தப் பகுதிக்குக் கைக்கு எட்டிய பழைய வரைபடம் ஒன்றே ஒன்று. மேசையில் விரித்தேன். ஒவ்வொரு வீடும், ஒவ்வொரு கிணறும் மெல்லிய கோட்டில் வரையப்பட்டிருந்தது. விரலை ஓட்டிக்கொண்டே போனேன். முன்தெரு இருக்கிறது. பின்தெரு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, சந்து இருக்க வேண்டிய இடத்தில், வரைபடத்தின் மடிப்பு விழுந்திருந்தது.

யாரோ எத்தனையோ ஆண்டுகள் மடித்தும் பிரித்தும் அந்தக் கோட்டில் காகிதம் பஞ்சாகிவிட்டது. மை உதிர்ந்துவிட்டது. அப்போது தோன்றியதை எழுதுகிறேன். மறக்கப்பட்ட தெருக்களைப் பற்றி எழுதும் எங்களைப் போன்றவர்கள், யாரோ திட்டமிட்டு அவற்றை மறைத்ததுபோல எழுதுவோம். அதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. பெரும்பாலும் அப்படி எதுவும் நடப்பதில்லை. வரைபடத்தை எங்காவது மடித்துத்தானே ஆக வேண்டும். நான் அந்த மடிப்பை இன்னொரு முறை அழுத்திவிட்டவன்.

[நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலு நாள் வெறுங்கையோட வந்தேன்னு ஒரு வரில சொல்லிருக்கலாம்.]

நான்கு நாள் வெறுங்கையோடு வந்தேன்.

7

இப்போது கண்டக்டர் வர வேண்டும். இவரை நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது.

முதல் பிரதியில் இவரை இப்படிக் கொண்டு வந்திருந்தேன்: "நம்பிக்கையெல்லாம் வற்றிப்போய் இருவரும் உட்கார்ந்திருந்த அந்தக் கணத்தில், கதவு தட்டப்பட்டது." தங்கை அந்த வரியைப் பென்சிலால் குறுக்கே அடித்து, [யாரு, கடவுளா?] என்று எழுதியிருந்தாள். நியாயம்தான். உண்மையில் யாரும் தட்டவில்லை. பல்லக்காதான் போன் செய்து வரவழைத்தார்.

நடந்தது இது. "முகவரி போட்ட பழைய பொருள் ஏதாவது இருக்கா? பை, பெட்டி, ரசீது?" என்று பத்தாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அறையில் எதுவும் இல்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மாஸ்டரிடமிருந்து இந்தப் பட்டறையை அவர் வாங்கியபோது, பழைய காகிதங்கள் எல்லாம் கரையான் தின்று கொட்டப்பட்டிருந்தன. பல்லக்கா ஒரு மேல்செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த கை நின்றது.

"மாஸ்டர் சீட்டு வச்சிருப்பாரு," என்றார்.

"எங்க?"

"பல்லுக்குள்ள."

அந்த மாஸ்டருக்கு ஒரு பழக்கம். தான் செய்யும் ஒவ்வொரு மேல்செட்டிலும், அண்ணத்தை மூடும் பகுதியில், கண்ணாடி போன்ற அக்ரிலிக்குக்கு அடியில், நகத்தளவு அச்சடித்த சீட்டு ஒன்றைப் பதித்துவிடுவார். தொலைந்தால் கண்டெடுத்தவர் கொண்டுவந்து கொடுப்பதற்கு. மாஸ்டரின் பழைய வாடிக்கையாளர்களில் நாலைந்து பேர் இன்னமும் தேய்த்துச் சரிசெய்ய வருகிறார்கள். அவர்களில் ஒருவருடைய செட்டில் அந்தச் சீட்டை இவர் எத்தனையோ முறை கழுவியிருக்கிறார். எழுத்தைப் படித்ததில்லை.

அந்த ஒருவர்தான் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்; மறுநாள் வந்தார். உயரமான மனிதர், எதையும் பத்துப் பேருக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார்.

"பஸ்ல குடைய விட்டுட்டுப் போவாங்க, பைய விட்டுட்டுப் போவாங்க. பல்ல விட்டுட்டுப் போனவரு ஒருத்தரு இருந்தாரு சார். பின் சீட்ல, கைக்குட்டைல சுத்தி! எடுத்துப் பாத்தா உள்ள அட்ரஸ். டூட்டி முடிச்சு நேரா இங்க வந்து குடுத்தேன். மாஸ்டர் காபி வாங்கிக் குடுத்தாரு. நமக்கு ஒரு நாள் பல்லு கொட்டுச்சுன்னா இங்கதான்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

"எப்போ கொட்டுச்சு?"

"ரெண்டாவது வருஷமே. ஈறு வியாதி."

அவர் வாய்க்குள் கை விட்டு மேல்செட்டைக் கழற்றிப் பல்லக்காவிடம் தந்தார். முகம் சட்டென்று பாதியாயிற்று. பல்லக்கா அதைக் கழுவி விளக்குக்கு அடியில் பிடித்தார். நான் பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தேன்.

இளஞ்சிவப்புக்கு நடுவே ஒரு சின்ன வெள்ளை ஜன்னல். அதில் கறுப்பு அச்செழுத்து: கண்டெடுத்தவர் சேர்க்க வேண்டிய முகவரி, கதவு எண் 3, ________ சந்து. கீழே ஆண்டு. முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முந்தையது.

நகரத்தின் காப்பகத்தில் தேய்ந்துபோன பெயர், ஒரு மனிதரின் வாய்க்குள் முப்பத்தோரு ஆண்டுகள் மூன்று வேளையும் ஈரமாகவே இருந்திருக்கிறது.

[இந்த வரிய எடுத்துராத. மத்ததெல்லாம் எப்படியோ.]

8

மார்ச் 24, புதன்கிழமை. அதே அறை. கண்டக்டர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். மேல்செட்டை வெள்ளைத் துணியில் வைத்து அதிகாரியின் மேசையில் நகர்த்தினார் பல்லக்கா. அதிகாரி நாற்காலியோடு அரை அடி பின்னால் போனார்.

"இது என்னங்க?"

"ஆவணம்," என்றார் பல்லக்கா. "அச்சுல இருக்கு. பாருங்க."

அதிகாரி பார்த்தார். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார். பெயர் இருந்தது, எண் இருந்தது, ஆண்டு இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகத்தில் ஒரு சங்கடம்.

"எல்லாம் சரிதான். ஆனா அசல் ஆவணம் ஃபைல்ல இருக்கணும். விதி."

கண்டக்டர் மேசையைத் தட்டினார். பல் இல்லாத வாயால் நீளமாக ஏதோ சொன்னார். அதிகாரி பல்லக்காவைப் பார்த்தார்.

"என்ன சொல்றாரு?"

"ஃபைலு சாப்பிடுமான்னு கேக்குறாரு."

பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்க எழுந்து வெளியே போனார். அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். இந்த இடத்தில் பல்லக்காவின் முகத்தை நான் பார்த்தேன். பட்டறையில் எந்த நேரமும் ஏதாவது பதில் வைத்திருப்பவர், துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வேற ஒண்ணு செஞ்சு குடுத்துட்டு இத வாங்கிக்கலாம்," என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "நானே செஞ்சு தரேன். பத்து நாள் ஆகும்."

கண்டக்டர் தலையைப் பலமாக ஆட்டினார். முப்பத்தோரு வருடம் பழகிய பல். அதைக் கொடுக்க மாட்டேன் என்பதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அதிகாரி கைப்பேசியை எடுத்து, செட்டை நான்கு பக்கமும் படம் எடுத்தார். அச்செடுத்து வரச் சொன்னார். படங்களை ஒட்டினார், முத்திரை குத்தினார், கீழே ஒரு வரி எழுதினார். எழுதும்போதே உரக்கப் படித்தார்.

"அசல் நேரில் காட்டப்பட்டது. சரிபார்த்த பின், அணிபவரிடமே திருப்பித் தரப்பட்டது."

இவ்வளவு நல்ல வாக்கியத்தை நான் ஆறு ஆண்டுப் பத்தியில் ஒருமுறையும் எழுதியதில்லை.

கண்டக்டர் பல்லை மாட்டிக்கொண்டார். "இப்போ பேசலாமா?" என்று மாடி முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

9

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

ஒன்றில், பல்லக்கா என் கட்டுரையைச் சட்டம் போட்டுப் பட்டறையில் மாட்டுகிறார். (பொய். அவர் சுவரில் இடம் இல்லை.)

இன்னொன்றில், நான் பழைய முந்நூறு தெருக்களுக்கும் மறுபடி நடக்கப் புறப்படுகிறேன். [நடந்தியா? சோபாலேர்ந்து எழுந்தியா?] பதினேழு தெரு நடந்திருக்கிறேன். மூன்றில் தவறு இருந்தது. அவை சிறியவை, ஆனால் தவறுகள்தான்.

மூன்றாவது, பூட்டிய கதவைப் பற்றியது. அந்தக் கதவுக்குப் பின்னால் மாதம் இரண்டு யூனிட் மின்சாரம் ஓடுகிறது என்கிறாள் தங்கை. ஏதோ ஒரு சின்ன விளக்கு எரிகிறது. யார் ஏற்றிவைத்துப் போனது, எதற்கு என்று ஐந்து பக்கம் எழுதினேன். பிறகு நினைவு வந்தது: வளைவுக்கு அப்பால் பார்க்காமலே எழுதும் பழைய வேலையைத்தான் மறுபடி செய்துகொண்டிருக்கிறேன். ஐந்து பக்கத்தையும் கிழித்தேன். அந்தக் கதவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். எழுதத் தோன்றினால் முதலில் போய்த் தட்டிப் பாருங்கள்.

சந்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏன் கோடு போட்டிருக்கிறேன் என்று கேட்கலாம். இதுவும் அச்சில் வரப்போகிறது. அச்சில் வந்ததை யாராவது நறுக்கி, நான்கு மூலையிலும் பசை தடவி, எதற்காவது ஆதாரமாக வைத்துவிடுவார்கள். கட்டுரையாக எழுதாமல் கதையாக எழுதியதற்கும் காரணம் அதுதான்.

22ஆம் பக்கத்தில் என் கட்டுரை அப்படியே இருக்கிறது. 41ஆம் பக்கத்தில் பற்கள் இருக்கின்றன.

ஏப்ரல் 16, வெள்ளிக்கிழமை, திருத்திய தெருப்பட்டியல் வெளியானது. வரிசை எண் 412: ________ சந்து. நீளம் நாற்பத்தொரு மீட்டர். கதவுகள் ஐந்து.